டீசல் விரதம்

ஆடி 2, வியாழன்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள் என்று கேள்வி. பின்னால் என் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர்கள் தகவல் கிடைக்காமல் திண்டாடக் கூடாது பாருங்கள்.

பெயர் அர்த்தநாரி. ஊர் சங்ககிரி. படிப்பு ஒன்பதாவது. பத்தாவதையும் நான் படித்திருந்தால் பள்ளிக்கூடம் தாங்கியிருக்காது என்று தலைமையாசிரியரே வாய்விட்டுச் சொன்னார். தொழில் இன்னதென்று ஒரு வரிக்குள் அடங்காது. போர்வெல் மோட்டார், தார்ப்பாய், இன்ஷூரன்ஸ், நாட்டுக்கோழி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாயிற்று. இப்போது தங்கை சரசு வீட்டில் இருந்துகொண்டு அவர்களுடைய லாரித் தொழிலுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். சம்பளம் வாங்குவதில்லை. சாப்பாடு மட்டும்.

தொழிலை நடத்துவது தங்கை மகள் கோகிலவாணி. அவள் அப்பா முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஸ்டூல்மேல் காலை நீட்டி உட்கார்ந்ததிலிருந்து அவள்தான் முதலாளி. பி.காம். படித்தவள். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று வீட்டில் இருந்தபடியே போனில் பார்த்துவிடுவாள்.

இன்று காலை இட்லியில் கை வைக்கும்போதே ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க கூட்டியாந்த டிரைவர் லாரி ஓட்டறாரா, ரேஸ் ஓட்டறாரா? மத்த வண்டி ரெண்டும் லிட்டருக்கு மூணே முக்கால் குடுக்குது. சடையண்ணன் வண்டி மூணே காலத் தாண்ட மாட்டேங்குது. சொன்னாக் காதுல வாங்கறதில்லீங்க. ஆடி முடியட்டும். மைலேஜ் ஏறலீனா ஆவணில வேற ஆளு."

சடையப்பன் என் ஆள். அவனுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். ராணுவத்தில் டாங்கி ஓட்டியவன் என்றும் சொல்லியிருந்தேன். கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் வரிசையில் நின்றது உண்மை. வரிசையில் நின்றாலும் பட்டாளம் பட்டாளம்தான்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரிய பெண் நர்சிங் படிக்கிறாள், சின்னவள் பன்னிரண்டாவது. இங்கே இறக்கிவிட்டால் இன்னொரு கம்பெனியில் ஸ்டேரிங் கிடைக்காது. இரண்டாவது டிரைவராகத் தூங்கித் தூங்கிப் போக வேண்டியதுதான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே சாப்பிட்டதால் இன்று இட்லி இறங்கவில்லை. ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆடி 3, வெள்ளி

கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி கிடைத்தது. பைபாஸ் டீக்கடையில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சொன்னார், மறந்துவிட்டது. டெமோ காட்ட வந்தவர் என்பதால் டெமோ சார் என்று எழுதிக்கொள்கிறேன். பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். 'மேக்னா சக்தி'. உள்ளே காந்தம். டீசல் குழாயைச் சுற்றிக் கவ்விவிட்டால் போதும். டீசல் என்பது சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி, காந்தம் அதைச் சீவிச் சிக்கெடுத்து இன்ஜினுக்கு அனுப்புகிறது, சிக்கெடுத்த டீசல் சொட்டு மிச்சமில்லாமல் எரிகிறது. இதை அவர் அரைகுறையாகச் சொன்னார். நான்தான் தலைமுடி உதாரணத்தைக் கொடுத்து அவருக்கே புரியவைத்தேன். "சார் இன்ஜினியரிங்கா?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

போகும்போது ஒரு பெட்டியைச் சாம்பிளாக என் கையில் கொடுத்துவிட்டு, காதருகே குனிந்து, "மைலேஜ் வரலேன்னு யாராவது சொன்னா, ஐம்பத்தஞ்சுக்கு மேல போனியான்னு மட்டும் கேளுங்க. எல்லாரும் போவாங்க" என்றார். தொழில் நுணுக்கம்.

ஆடி 5, ஞாயிறு

வீட்டில் பெட்டியைக் காட்டினேன். ஆடியில் புதிதாக எதுவும் வேண்டாம் என்றாள் சரசு. இது புதிது இல்லை, இரும்பு பூமி தோன்றிய காலத்துச் சாமான் என்று விளக்கினேன். கோகிலா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நெசமா வேல செஞ்சா, லாரி செய்யற கம்பெனிக்காரனே மாட்டி அனுப்பிச்சிருக்க மாட்டானுங்களா மாமா?"

"அவனுக்கு இதெல்லாம் எங்க அம்மணி தெரியும்? ஏசி ரூமுக்குள்ள உக்காந்துட்டு இருக்கறவன்."

மெக்கானிக் ஜமால் பாயிடம் கொண்டுபோனால் அவர் வேறு. "அண்ணா, காந்தம் இரும்பத்தான இழுக்கும்? டீசல்ல ஏதுங்ணா இரும்பு?"

"ரத்தத்துலயே இரும்பு இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. டீசல்ல இருக்காதா பாய்?"

ஜமால் பாய் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். படித்தவனோ மெக்கானிக்கோ, என் கேள்விக்கு முன்னால் நின்றவர் இல்லை.

ஆடி 7, செவ்வாய்

முக்கியமான நாள். விவரமாக எழுத வேண்டும்.

சடையன் இன்று ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு சோலாப்பூர் போகிறான். திரும்பும்போது வெங்காயம். புறப்படும் முன்னால் பெட்டியை மாட்டப் போனால் ஒரே சிரிப்பு. "ஏனுங்ணா, இத்துனூண்டு டப்பாவா என்ர வண்டியத் திருத்தப் போவுது? எனக்கு சோப்பு வாங்கிட்டு வந்தீங்ளாக்குன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பவன் கையில் எந்த இயந்திரமும் வேலை செய்யாது. அப்போதுதான் நினைவு வந்தது. இவன் வருடா வருடம் மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறவன். அந்த நாட்களில் செருப்பு கிடையாது, பீடி கிடையாது, கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வராது. டோல்கேட்டில் வம்புக்கு வருகிறவனைக்கூட "சாமி" என்றுதான் கூப்பிடுவான். இதுவரை ஒரு தடவை முறித்ததில்லை.

"சிரிக்காத சடையா. இது திருச்செங்கோட்டு மலைல சாமி பாதத்துல வெச்சு எடுத்தது" என்றேன்.

அது உண்மையும்தான். நேற்று பஸ் மலையடிவாரத்தில் நின்றபோது ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். சாமிக்குக் கண் தெரியாதா?

சடையன் முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றினான். பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் அதை மஞ்சள் துணியில் பொதிந்து டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் கைகட்டி நின்றுகொண்டு, "என்னென்ன நியமமுங்ணா?" என்றான்.

என்னிடம் இருந்தது ஐம்பத்தைந்து ஒன்றுதான். அவ்வளவு பக்தியோடு கேட்கிறவனிடம் ஒரே ஒரு நியமத்தைச் சொன்னால் மரியாதையாக இருக்குமா? கண்ணை மூடினேன். தானாக வந்தது.

"அம்பத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. நிக்கிற எடத்துல இன்ஜின உறும விடக் கூடாது, அதுக்குச் சூடு ஆகாது. தெனமும் வெடியக்கால எந்திரிச்சு டயருக்கெல்லாம் காத்துப் பாக்கோணும். ஆக்ஸிலேட்டர ஏறி மிதிக்கப்படாது, பூ மேல கால் வெக்கிற மாதிரி. அப்பறம் தொப்பூர் மலை எறக்கத்துல..."

"நூட்ரல் போடக் கூடாதுங்ளா?" என்று அவனே கேட்டான். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருட்டுவது அவனுக்கு உயிர்.

"போட்டா அங்கயே விரதம் முறிஞ்சுது."

"எத்தன நாளைக்குங்ணா?"

"ஆடி முழுக்க."

தலையாட்டிக்கொண்டு போனான். இத்தனை நியமங்கள் கடகடவென்று எப்படி வந்தன என்று எனக்கே ஆச்சரியம். எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. போன மாதம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் கோகிலா எதையோ புலம்பிக்கொண்டிருந்தாள், அதை நான் கவனிக்கவில்லை. இது நிச்சயம் அருள்வாக்குதான்.

ஆடி 9, வியாழன்

நெல் அரைக்கப் போனேன். சடையன் போன் செய்தான். கர்நாடகாவில் மழையாம், ஓரமாக ஒதுக்கி நிற்கிறானாம். "பாட்டுப் பொட்டி கேக்கறதுக்கு இன்ஜின் ஓடோணுமுங்ணா. அது தீட்டாங்ளா?"

"தீட்டு."

நிறுத்திவிட்டான்.

ஆடி 10, வெள்ளி

மறுபடியும் போன். ஒரு டிரைவர் இவனைத் தாண்டிப் போகும்போது, "பொண்ணு பாக்கப் போறியாடா?" என்று கத்தினானாம். பதில் சொல்லலாமா என்று கேட்டான். கூடாது, அதுவும் நியமத்தில் உண்டு என்றேன். கெட்ட வார்த்தைக்கும் டீசலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் யாரும் ஆராயாத விஷயம்.

ஆடி 13, திங்கள்

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஆடி 18, சனி

ஊரெல்லாம் பெருக்குக்குக் காவிரிக்குப் போய்விட்டது. நாங்கள் டீசல் பங்க்கில் நின்றோம். புறப்பட்டபோது எந்த பங்க்கில் கழுத்துவரை நிரப்பினோமோ அதே பங்க்கில் திரும்பவும் கழுத்துவரை நிரப்பி, ஓடிய தூரத்தை அதற்குப் பிடித்த டீசலால் வகுப்பது கோகிலாவின் கணக்கு. போனில் தட்டினாள். அழித்தாள். திரும்பவும் தட்டினாள்.

"மாமா... மூணே முக்கால்."

நான் அலட்டிக்கொள்ளவில்லை. "நாலு வந்திருக்கோணும். எதுத்தாப்புல காத்து அடிச்சிருக்கும்" என்றேன்.

சடையன் மஞ்சள் துணியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கோகிலா அவனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வேகம் பூராத்துக்கும் அம்பத்திரண்டு, அம்பத்திமூணுன்னே காட்டுது. தொப்பூர்ல மாட்டு வண்டியாட்டம் எறங்கியிருக்காரு. நாஞ் சொன்னப்ப, 'பதினஞ்சு வருசமா ஸ்டேரிங் புடிச்சவங்கிட்டப் போனப் பாத்துச் சொல்றீங்ளா'ன்னு கேட்ட மனுசன். மாமா, அவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல அம்மணி. பெட்டி பாத்துக்கும்."

அவள் ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை. படித்த பெண்களுக்குச் சில நேரம் காரணமில்லாமல் சிரிப்பு வரும்.

ஆடி 20, திங்கள்

டீக்கடையில் நான் பேசவே இல்லை, அவர்களாகவே கேட்டார்கள். நாலு என்று சொன்னேன். இரண்டாவது டீ வரும்போது நாலே கால் ஆகியிருந்தது. லாரி ஆபீஸ் வாசலில் நாலரை. ஓலப்பாளையத்தார் என்று ஒரு லாரி முதலாளி, ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது, "ஏப்பா அர்த்தநாரி, உன்ர பேச்சுல பாதிய எடுத்துட்டாலும் லாபந்தானப்பா" என்று மூன்று லாரிக்கும் பெட்டி கேட்டார். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். டெமோ சார் பறந்து வந்தார்.

எல்லோருக்கும் நியமங்களைச் சொல்லித்தான் கொடுத்தேன். ஓலப்பாளையத்தார் காதில் வாங்கவில்லை. "பெட்டி வேல செய்யுமா, நீ வேல செய்யோணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சடையனும் இன்று அடுத்த நடைக்குப் புறப்பட்டுவிட்டான். வழியனுப்ப நேரமில்லை. புகழ் வந்தால் இப்படித்தான்.

ஆடி 24, வெள்ளி

டெமோ சார் போன் செய்தார். சேலம் ஜில்லா டீலர் பதவி எனக்குத்தான் என்றார். பைபாஸ் ஓரமாக ஃப்ளெக்ஸ் வைக்கலாமாம், நடுவில் என் படம். கண்ணாடி போட்டு எடுப்பதா, போடாமல் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கண்ணாடி கிடையாது, மச்சானுடையதை வாங்கிக்கொள்ளலாம்.

ஆடி 28, செவ்வாய்

சடையன் வந்துவிட்டான். மறுபடியும் அதே மூணே முக்கால்.

ஆனால் ஓலப்பாளையத்தாரும் மற்ற இருவரும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களுடைய லாரிகள் எல்லாம் பழைய மைலேஜிலேயே நிற்கின்றனவாம். ஒன்று குறைந்தும் போயிற்றாம்.

"அம்பத்தஞ்சுக்கு மேல போனீங்களா?" என்றேன்.

"லாரி போகத்தானப்பா வாங்கியிருக்குது! உனக்கு மட்டும் வேல செய்யுது, எங்களுக்குச் செய்யாதா? பெட்டிக்கு ஆள் தெரியுமா?"

பேச்சு தடித்தது. கடைசியில் ஓலப்பாளையத்தாரே ஒரு வழி சொன்னார். சடையன் வண்டியிலிருந்து அவனுக்குத் தெரியாமல் பெட்டியை எடுத்துவிட வேண்டும். அதே லோடு, அதே ரோடு. மைலேஜ் இறங்கினால் பெட்டி நிஜம், அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இறங்காவிட்டால் பெட்டி டூப்பு. எல்லாப் பெட்டியையும் நான் எல்லோர் முன்னிலையிலும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "போனப் போட்டு அவங்கிட்டச் சொல்லிப் போடாத" என்றும் எச்சரித்தார்.

"சவால்!" என்றேன். என் குரல் ரயில்வே கேட்வரை கேட்டதாகச் சரசு சொன்னாள்.

சாயங்காலம் ஜமால் பாய் பெட்டியைக் கழற்றிவிட்டு, தேய்ந்துபோன பிரேக் லைனிங் துண்டு ஒன்றை மஞ்சள் துணியில் பொதிந்து அதே இடத்தில் கட்டினார். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. சாமி விஷயத்தில் இப்படிச் செய்யலாமா என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பாய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அவருக்கும் உறுத்தியிருக்கும்.

ஆடி 29, புதன்

சடையன் காலையில் பிரேக் லைனிங்கைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனான்.

கோகிலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மாமா, ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்களா? இந்த நடைல மைலேஜ் எறங்குச்சுன்னா, எல்லாம் பெட்டியோட வேலன்னு ஆயிரும். அப்ப சடையண்ணன் எதுக்கு? ஒரு சின்ன வயசுக்காரரு டிரைவர் வேலைக்குக் கேட்டுட்டே இருக்காரு. அந்தப் பெட்டிய அவரு வண்டில மாட்டிக்கலாம்."

"எறங்கலீனா?"

"எறங்கலீனா சடையண்ணன்தான் டிரைவர். ரிட்டயர் ஆகறவரைக்கும். ஆனா ஃப்ளெக்ஸ் வெக்க முடியாதுங்களே மாமா."

வெண்டைக்காய் வழவழவென்று இருந்தது. பொரியல் சரியில்லை. சாப்பிடவில்லை.

ஆடி 30, வியாழன்

சடையனுக்குப் போன் செய்யவில்லை.

ஆடி 31, வெள்ளி

செய்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். "சாமி நல்லா இருக்குதா?" என்றேன். "இப்பத்தான் தொட்டுக் கும்பிட்டேனுங்" என்றான். வைத்துவிட்டேன்.

ஆவணி 1, சனி

இன்று நடந்ததை அவசரப்படாமல் எழுதுகிறேன்.

மத்தியானம் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் என் படம் வந்துவிட்டது. மச்சான் கண்ணாடி எனக்குத்தான் பொருத்தம். பின்னால் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று, அதற்குப் பின்னால் இமயமலை. தலைக்கு மேலே 'டீசல் வேந்தர்' என்று போடுவதா, 'மைலேஜ் செம்மல்' என்று போடுவதா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சடையன் கூப்பிட்டான்.

"அண்ணா, இன்னிக்கு ஆவணி பொறந்துருச்சுங். நீங்க ஆடி முழுக்கன்னு சொல்லியிருந்தீங்க. விரதத்த முடிச்சுக்கலாமுங்ளா?"

நான் கம்ப்யூட்டரில் இருந்த என் படத்தைப் பார்த்தேன்.

"இல்லீங்ணா, ரோடு காலியாக் கெடக்குது. கால் நமநமங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இங்கயே ஒரு தேங்காய ஒடச்சு முடிச்சுக்கறேன்."

ஓலப்பாளையத்தார் என்ன சொன்னார்? அவனிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றார். விரதத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? "முடிச்சுக்க" என்று ஒரு வார்த்தை. பொய்கூட இல்லை, நானே சொன்ன கெடுதான். கால் ஆக்ஸிலேட்டரில் ஏறும், தொப்பூரில் நியூட்ரல் விழும், மைலேஜ் படுத்துக்கொள்ளும், பெட்டி ஜெயிக்கும். பைபாஸ் ஓரமாக நான், பின்னால் இமயமலை.

கடைக்காரர், "அண்ணா, வேந்தரா செம்மலாங்?" என்றார்.

போனில் சடையன், "அண்ணா, இருக்கறீங்ளா?" என்றான். அவனுக்குப் பின்னால் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறான்.

"முடிக்காத" என்றேன்.

"ஏனுங்ணா?"

"பஞ்சாங்கத்துல மாத்தியிருக்கறாங்க. ஆவணியும் உண்டு. அப்பறம் பொரட்டாசியும் உண்டு. முடியற நாள் வந்தா நானே சொல்றேன். அதுவரைக்கும் அம்பத்தஞ்சத் தாண்டிடாத சாமி."

"செரிங்ணா" என்று வைத்துவிட்டான்.

இதில் நான் பெரிதாக எதையும் விட்டுக்கொடுத்துவிட்டதாக யாரும் பின்னால் எழுத வேண்டாம். அந்தப் படத்தில் என் மூக்கு சரியாக விழவில்லை. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயில் அதிகம். வழியில் கரும்புச்சாறு குடித்தேன்.

ஆவணி 5, புதன்

டெமோ சார் இன்று மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. சரசுவுக்கு வடகம் காயப்போட உதவினேன். காக்கை ஓட்டுவதற்கு என்னைப்போல் ஆள் இந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஆவணி 9, ஞாயிறு

பங்க்கில் கல்யாணக் கூட்டம். ஓலப்பாளையத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு முதலாளிகள், ஜமால் பாய், பங்க்கில் வேலை செய்கிறவர்கள், வெங்காய வாசனை. சடையனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கோ கண்ணாலமா என்று என்னிடம் கேட்டான்.

கோகிலா கழுத்துவரை நிரப்பச் சொன்னாள். போனில் தட்டினாள். இந்தத் தடவை அழிக்கவில்லை.

"மூணே முக்காலுக்கு மேலயே ஒரு பொட்டு நிக்குது."

ஓலப்பாளையத்தார் எழுந்து குனிந்து மஞ்சள் துணியை அவிழ்த்தார். பிரேக் லைனிங் துண்டு தரையில் விழுந்தது. சடையன் பதறிப்போய்க் காலை விலக்கிக்கொண்டான்.

"சாமி எங்கீங்?"

கோகிலாதான் சொன்னாள். பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. இந்த நடையில் பெட்டியே இல்லை என்றாள். சோலாப்பூர் போய்த் திரும்பியது பூராவும் அவன் கும்பிட்டது இந்தத் துண்டைத்தான் என்றாள்.

சடையன் கோபப்படுவான் என்று நினைத்து நான் ஜமால் பாய்க்குப் பின்னால், காற்று வாங்குவதற்காக, நகர்ந்து நின்றேன். அவன் கோபப்படவில்லை. துண்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். 

"அப்ப... இத்தன நாளும்... நாந்தானுங்ளா அது?"

"நீங்கதானுங்ணா" என்றாள் கோகிலா.

பதினைந்து வருடம் ஸ்டேரிங் பிடித்தவனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பிப்போய் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தான், காலையில்தான் பார்த்திருப்பான்.

"சடையண்ணா, ஆவணில வேற ஆளு பாக்கறேன்னு சொன்னத மறந்துருங்க" என்றாள் கோகிலா. "அந்த வண்டி இனி உங்க வண்டிதான்."

அப்புறம் என் முறை வந்தது. ஓலப்பாளையத்தார் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தன்னுடைய மூன்று பெட்டியையும் என் மடியில் ஒவ்வொன்றாக வைத்தார். "டீசல் வேந்தர் வாழ்க!" என்றார் ஒருவர். அந்தப் பட்டம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது புரியவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வாய் சும்மா இருக்காது.

நான் எழுந்து பேசினேன். பெட்டி வேலை செய்யவில்லை என்பது மேலோட்டமான பார்வை என்றேன். பெட்டி இன்ஜினுக்கு வாத்தியார். இன்ஜின் பாடத்தைக் கற்றுக்கொண்டது. அதனால்தான் வாத்தியார் லீவில் போன பிறகும் ஒழுங்காக ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

வீட்டுக்குக் கோகிலாவின் ஸ்கூட்டியில் திரும்பினேன். லெவல் கிராஸிங்கில் நின்றபோது, "ஆவணி ஒண்ணாந்தேதி மத்தியானம் சடையண்ணன் வண்டி பதினஞ்சு நிமிசம் நின்னுருக்குது. அப்பறம் எடுத்தும் அதே அம்பத்திமூணுதான். அந்நேரத்துக்கு உங்களுக்குத்தானே போன் போட்டாரு மாமா?" என்றாள்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுக்குப் போட்டான்" என்றேன்.

"ஓ" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் நெய் ஊற்றப்பட்டது. சரசு மறந்துபோய் ஊற்றியிருப்பாள்.

ஆவணி 11, செவ்வாய்

கோகிலா டெமோ சாரிடம் போனில் பேசினாள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அவரே வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார். ஒன்றை மட்டும் சரசு தரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காந்தம் என்ற அளவில் குறை சொல்ல முடியாது.

ஓலப்பாளையத்தார் தன்னுடைய மூன்று டிரைவர்களுக்கும் விரதம் எடுத்துவைக்க முடியுமா என்று ஆள் அனுப்பியிருக்கிறார். தட்சணை உண்டாம். யோசிக்க வேண்டும்.

ஆவணி 13, வியாழன்

கிருஷ்ணகிரியில் எனக்கு ஒரு வேலை. என்ன வேலை என்பதை அப்புறம் எழுதுகிறேன். சடையன் லாரியில் ஏறிக்கொண்டேன். கேபினில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சேலம் தாண்டியதும் ரோடு துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை அலற விட்டுக்கொண்டு வந்தது. ஓலப்பாளையத்தாருடையது. பக்கத்தில் வந்ததும் அந்த டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன மாமா, வண்டியத் தள்ளிக்கிட்டா போறீங்க?" என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனான். சும்மா போனாலும் பரவாயில்லை, துண்டை வேறு ஆட்டிக்காட்டினான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "மிதி தம்பி! இப்பத்தான் பெட்டியும் இல்ல, விரதமும் இல்ல. அவனத் தாண்டிட்டு அப்பறம் மெதுவாப் போயிக்கலாம். ஒரே ஒரு மிதி!"

சடையன் காலை அசைக்கவில்லை.

"முடியாதுங்ணா. பெட்டி அம்பத்தஞ்சத் தாண்டாதுங்."

"எந்தப் பெட்டிடா? அதான் கழட்டிக் குடுத்தாச்சே!"

ஸ்டேரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான்.

முன்னால் போனவன் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தே போய்விட்டான். நான் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். லாரியில் போகும்போது எழுதினால் எழுத்து கோழி கிளறின மாதிரி வரும் என்பார்கள். பாருங்கள், ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.